எங்கள் அணி ஏன் கோல் அடிக்கவில்லை

உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பதினான்கு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதியிருக்கிறேன். அதை எழுதி முடித்த நாள்வரை ஓர் ஆட்டத்தைக்கூட மைதானத்தில் நின்று முழுதாகப் பார்த்தவன் அல்லன் என்ற செய்தி அந்தப் பதினான்கு பக்கத்தில் எங்கும் இல்லை. முன்னுரை இருந்தது. கண்டறிந்தவை, பரிந்துரைகள் என்று தலைப்புகள் இருந்தன. கடைசியில் அம்புக்குறிகளோடு ஒரு பின்னிணைப்பும் இருந்தது. ஆட்டக்காரர்களைக் குறிக்கும் வட்டங்களை மருந்துப் போத்தல் மூடியை வைத்து வரைந்தேன். அத்தோடு நின்றிருந்தால் என் வெட்கம் என்னோடு போயிருக்கும். அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தைத்தான் கல்லூரி என்போம். லண்டனில் எங்கள் ஆட்கள் இருவர் சந்தித்தால் எந்தக் கல்லூரி என்பது முதற்கேள்வி. என்ன வேலை என்பது பிறகு வரும், சில வேளை நாகரிகம் கருதி வராமலும் விடும். இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த ஆண்டுகளில், ஊரில் சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை திறந்திருந்த காலத்தில், ஒவ்வொரு கோடையிலும் ஹரோப் பக்கத்து மைதானம் ஒன்றில் கல்லூரிகளின் பழைய மாணவர் அணிகள் ஒரு ஞாயிறு முழுக்க மோதிக்கொள்ளும். எங்கள் அணி இரண்டு கோடைகளாக ஒரு கோலும் அடிக்கவில்லை. பின்வரிசை கெட்டி, ஆகவே பெரிய தோல்வியும் இல்லை. ஒன்றுமில்லாமல் சமன், அல்லது ஒரு கோலால் தோல்வி. ஐந்தாறு கோல் வாங்கியிருந்தால் பரிதாபமாவது கிடைத்திருக்கும். மற்றக் கல்லூரிக்காரர்கள் பொரித்த ரோல்ஸைக் கடித்தபடி, அங்காலையும் ஒரு கோல் கம்பம் இருக்கிறதை உங்கடை ஆக்களுக்கு ஆரும் சொல்லேல்லையோ என்று விசாரித்தார்கள்.

பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான்தான் ஆசிரியர். எங்கள் முன்வரிசை அகிம்சை விரதம் பூண்டிருப்பதாக அதில் ஒரு வரி எழுதினேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அது எப்போதும் கெட்ட அறிகுறி. அணியின் பொறுப்பாளர் ஹரோவில் இருக்கும் பல் வைத்தியர். அவருடைய வீட்டில் கூட்டம் நடந்தபோது மலரை அந்தப் பக்கத்தில் விரித்து மேசையில் வைத்திருந்தார்.

"பகிடி எழுதிறது லேசு, அண்ணை," என்றார். "என்ன பிழையெண்டு எழுதித் தாங்கோவன் பாப்பம்."

ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். குறிப்பேட்டில் ஏறிவிட்டது. எங்கள் சங்கங்களில் குறிப்பேட்டில் ஏறியதை இறக்கிவைக்க ஆள் கிடையாது.

நான் மறுத்திருக்கலாம். கல்லூரியில் உதைபந்தாட்டத்தோடு எனக்கிருந்த உறவு, இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிக் கொடுத்ததோடு முடிந்தது. ஆனால் லண்டனில் நான் ஒரு கவுன்சில் அலுவலகத்தில், வீட்டுச் சுவரில் ஈரம் ஏறுகிறது என்று வரும் முறைப்பாடுகளுக்கு அறிக்கை எழுதுகிறவன். அந்த வேலையில் நெடுநாள் இருந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் ஒரு காரணமும் ஒரு குற்றவாளியும் தெரிவார்கள். வீட்டுக்குப் போகாமல் புகைப்படத்தை வைத்தே எழுதும் திறமையும் அங்கேதான் எனக்குக் கைவந்தது.

எங்கள் அணியில் நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுப்பவரைச் சென்டர் என்போம். பின்னாலிருந்து வரும் பந்தெல்லாம் அவர் காலுக்கு வந்துதான் முன்னே போகவேண்டும். அவருக்கு முப்பத்தொன்பது வயது, எனக்கு ஏழெட்டு வருடம் இளையவர். கல்லூரியில் அவர் அணித் தலைவராக இருந்த வருடம் இறுதி ஆட்டம்வரை வந்தார்கள். ஆட்டத்துக்கு முந்திய வாரம் கல்லூரி இடம்பெயர்ந்த சனங்களால் நிறைந்தது, மைதானத்தில் அடுப்பு மூட்டினார்கள், ஆட்டம் நடக்கவில்லை. பிறகு ஜெர்மனியில் பதினைந்து வருடம். பிள்ளைகளின் ஆங்கிலத்துக்காக லண்டன், அப்டன் பார்க்கில் வாடகை வீடு, ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட். கிழமையில் ஆறு நாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பம்ப் நம்பர் கேட்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து வலை கட்டுவார் என்று சொன்னார்கள்.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. நாற்பது வயதாகிவிட்டால் பெரிய அணியில் இடமில்லை, மூத்தோர் அணிக்குப் போகவேண்டும். மூத்தோர் ஆட்டம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கயிறிழுப்புக்கு முன்னால் நடக்கும். அதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கயிறிழுப்புக்கு இடம் பிடித்தவர்கள். அவருக்கு ஐப்பசியில் நாற்பது. நான் அறிக்கை எழுதப்போகிறேன் என்று கேள்விப்பட்டு, மனோர் பார்க் முருகன் கோயில் வாசலில் நான் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது அருகில் வந்தார்.

"எனக்கு இந்த ஒரு கோடைதான் அண்ணை மிச்சம்," என்றார். "நான் அடிக்கவேணுமெண்டு இல்லை. நான் குடுத்த பந்திலை ஆரும் ஒருத்தன் ஒரு கோல் அடிச்சாக் காணும். என்ன பிழையெண்டு வடிவாப் பாருங்கோ."

வடிவாகப் பார்க்கிறேன் என்று சொன்னேன்.

அவர்கள் பயிற்சி செய்யும் வான்ஸ்டெட் புல்வெளி என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. நான் போகவில்லை. சித்திரை மாதத்துக் குளிர்காற்று ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், முந்திய கோடையின் ஆட்டங்கள் முழுவதும் வீடியோவில் இருந்தன. வீடியோ பார்க்கும் இடத்தில் சாய்மனை உண்டு, தேநீர் உண்டு, நிறுத்திப் பின்னால் ஓட்டும் வசதியும் உண்டு.

அந்த வீடியோவை எடுத்தவர் எங்கள் ஆட்களின் கலியாணவீடு, சாமத்தியவீடு எல்லாவற்றையும் எடுப்பவர். சங்கத்தில் யாருக்கும் வேறு வீடியோக்காரரைத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இவரை விட்டு இன்னொருவரைக் கூப்பிடுவது முகமுறிவு. எந்தக் கொண்டாட்டமானாலும் அவர் தன் தொழிலை ஒரே மாதிரித்தான் செய்வார். முகங்களை எடுப்பார். எங்கள் ஆட்டக்காரர் மைதானத்துக்குள் இறங்கியது, மணப்பெண் மண்டபத்துக்குள் வருகிற வேகத்தில் இருந்தது. கோல் கம்பம் ஓர் இதயத்துக்குள் சுருங்க, மேலிருந்து பூவிதழ் கொட்டியது. நடுவரின் விசில் கேட்கவேண்டிய இடத்தில் நாதஸ்வரம் கேட்டது. நான் கொப்பியும் பென்சிலுமாக இருக்க, பின்னால் வந்து நின்ற என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது ஆரின்ரை கலியாணம் என்று கேட்டாள். அந்த அறிக்கையில் இருந்திருக்கவேண்டிய ஒரே கேள்வி அது. நான் அதைச் சேர்க்கவில்லை.

நோயைக் கண்டுபிடிக்க முதலில் சின்னக் காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஆட்டத்துக்கு முன் ரோல்ஸ் சாப்பிட்டது காரணமாக இருக்கலாம். ஆனால் எதிரணியும் அதே தட்டிலிருந்துதான் எடுத்தது. முன்வரிசைக்கு வயது காரணமாக இருக்கலாம். ஆனால் அவர்களை வீடியோவில் அதிகம் காணவில்லை. காணாததைக் குற்றம் சொல்வது நியாயமில்லை என்று, நல்ல மனத்தோடு, அவர்களை விடுதலை செய்தேன்.

மிஞ்சியவர் ஒருவர். பந்து சென்டரின் காலுக்கு வருகிறது. அவர் நிறுத்துகிறார். தலையை நிமிர்த்துகிறார். படம் அவர் முகத்தை நெருங்குகிறது, நெற்றி சுருங்குகிறது. இடக் கையைத் தூக்குகிறார், விசிறுகிறார், தலையை ஆட்டுகிறார். மூன்று, நான்கு, ஐந்து என்று ஆற அமர எண்ணலாம். பிறகு படம் வெட்டுப்பட்டு, கரையில் குழந்தைக்கு வாழைப்பழம் ஊட்டும் ஒரு பெண்ணிடம் போகிறது. திரும்பி வரும்போது பந்து எதிரணியிடம். இதே காட்சி திரும்பத் திரும்ப வந்தது. நூலகத்திலிருந்து நான்கு பயிற்சி நூல்களை எடுத்து வந்து படித்திருந்தேன். நடுவில் நிற்பவன் தாமதித்தால் முன்வரிசை செத்துப்போகும் என்பதில் நான்குக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் இப்படி எழுதினேன்: 'தாக்குதல் தளர்ந்ததற்குக் காரணம் நடுவில் உள்ளது. பந்து கிடைத்தபின் முடிவெடுக்கத் தயங்குவதும், கையை உயர்த்திப் பிறரைக் குறைகூறுவதும் சென்டருக்குப் பழக்கமாகிவிட்டன. மூன்று எண்ணுவதற்குள் பந்து காலை விட்டுப் போகவேண்டும். இயலாதெனில் ஆளை மாற்றவேண்டும்.' வசனங்கள் நன்றாக அமைந்திருந்தன. நன்றாக அமைந்த வசனத்தைச் சந்தேகிக்க எனக்கு ஒருநாளும் வராது.

கூட்டத்தில் நானே வாசித்தேன். அவர் ஷிப்ட் முடிந்து நேரே வந்து, பெட்ரோல் நிலையத்துச் சட்டையோடு கடைசி வரிசையில் இருந்தார். ஒன்பதாம் பக்கத்தைத் தலை நிமிராமல் வாசித்தேன். முடிந்ததும் பொறுப்பாளர் அவரைப் பார்த்து, சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவர் எழும்பி என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"அண்ணை நேரிலை வந்து பாத்தனியளோ?"

"வீடியோவிலை பாத்தனான்," என்றேன். "நாலு தரம்."

"ஓ," என்றார். "வீடியோவிலையோ."

முகத்தில் ஏதோ ஒன்று வந்தது, நின்றது, போனது. பிறகு திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். அவர் வாதாடுவார் என்று எதிர்பார்த்து மறுமொழிகள் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அந்தத் தாள் நெடுநாள் என் சட்டைப் பையில் கிடந்து, துவைக்கும்போது கூழானது.

அந்தக் கோடை அவரை மாற்று ஆட்டக்காரராகக் கரையிலிருந்த வாங்குப் பலகையில் உட்காரவைத்தார்கள். அவருடைய இடத்தில் கணினி வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர். என்னை மரியாதைக்காக அழைத்து, கரையில் ஒரு மடக்குக் கதிரையும் தந்தார்கள். அப்படித்தான் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆட்டத்தை விசிலிலிருந்து விசில்வரை பார்க்க நேர்ந்தது.

பொறுப்பாளர் என் பரிந்துரையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார். புதிய சென்டரின் காலுக்குப் பந்து வந்ததும் கரையிலிருந்து "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று உரக்க எண்ணினார். மூன்றில் பந்து புறப்பட்டது. ஆளில்லாத இடத்துக்குப் போனது, அல்லது எதிரணியின் காலுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் எதிரணியின் ஆதரவாளர்களும் சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள். பிறகு அவர்களுக்கும் அலுத்துப்போனது.

கரையில் இருந்து பார்த்தால் மைதானம் முழுவதும் தெரியும். இதைப் பயிற்சி நூல் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படும் ஓர் ஆள் இருப்பான் என்று அவற்றை எழுதியவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். எங்கள் முன்வரிசையில் இருந்த இருவரும் நின்ற இடத்தில் நின்றார்கள். எதிரணித் தடுப்பாளர்களுக்குப் பின்னால், வெயிலுக்கு ஒதுங்கியதுபோல. பந்து எங்கள் பக்கம் வந்ததும் வெற்றிடம் பார்த்து ஓடவில்லை. எனக்குத் தா என்று குரல் கொடுக்கவும் இல்லை. அவர்கள் பழைய சென்டருக்கு ஐந்தாறு வகுப்பு இளையவர்கள். அவர் கல்லூரி அணியின் தலைவராக இருந்தபோது வேலிக்கு வெளியே போன பந்தை எடுத்து வந்து கொடுத்தவர்கள். அவரைப் பார்த்து இஞ்சை தா என்று கத்த அவர்களுக்கு வாய் வராது. அவர் கைகாட்டினால் போவார்கள், காட்டும்வரை நிற்பார்கள். முப்பத்துமூன்று வயதிலும், பிள்ளைகுட்டி பெற்ற பிறகும், அவர்கள் அவருடைய கைக்காகக் காத்திருந்து பழகியவர்கள். இப்போது நடுவில் நின்ற இளைஞருக்கு அது தெரியாது. அவர் காட்டவில்லை, அவர்கள் அசையவில்லை.

அப்போதுதான் அந்த இடக் கை எனக்கு விளங்கியது. அவர் யாரையும் குறைகூறவில்லை. நீ வலப்பக்கம் போ, நீ உள்ளே ஓடு என்று, அசையாத ஒரு முன்வரிசையைக் கையால் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். அவர்கள் புறப்படும்வரை பந்தைக் காலடியில் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறார். அவர்கள் புறப்பட முன் எதிரணி வந்து சேர்ந்திருக்கிறது. அவர் கை எங்கே காட்டியது என்பதை வீடியோ காட்டவில்லை. கை மட்டும் தெரிந்தது. மீதியை நான் எழுதினேன்.

இடைவேளையில் பொறுப்பாளரிடம் ஓடிப்போய், பழைய சென்டரை மைதானத்திலை இறக்குங்கோ, பிழை அவரில் இல்லை என்றேன். என் அறிக்கை அவர் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

"ஒன்பதாம் பக்கம், அண்ணை," என்றார். "நீங்கள்தானே எழுதினது. கொமிட்டி தீர்மானிச்சதை இந்த இடத்திலை நிண்டு மாத்த ஏலாது."

கோபமாகச் சொல்லவில்லை. பாதி பிடுங்கிய பல்லை விட்டுவிட்டு யோசிக்கக்கூடாது என்ற தொழில் ஒழுக்கத்தோடு சொன்னார்.

வென்றால் அரையிறுதி. இரண்டாம் பாதியில் நான் ஆட்டத்தைவிட வாங்கையே அதிகம் பார்த்தேன். பழைய சென்டர் காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டு, பூட்ஸ் கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டு, இப்போதே இறங்கப்போகிறவர்போல வாங்கின் நுனியில் இருந்தார். ஜேர்சியில் மடிப்புக் கலையவில்லை. பந்து சென்டருக்கு வந்தபோதெல்லாம் அவருடைய இடக் கை முழங்காலிலிருந்து கொஞ்சம் எழும்பி, ஒரு பக்கம் காட்டி, திரும்ப முழங்காலில் இறங்கியது. அவர் அதை அறிந்து செய்ததாகத் தெரியவில்லை. வீடியோக்காரர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி, அவருக்கு முன்னால் குந்தியிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒன்றுமில்லாமல் சமன். விசில் ஊதியதும் அவர் முடிச்சுகளை அவிழ்த்தார். இரட்டை முடிச்சு, நேரமெடுத்தது.

அவரை வீட்டில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னேன். மறுக்கவில்லை. வலைகளைச் சுருட்டி என் காரின் பின்னால் வைத்துவிட்டு ஏறினார். நோர்த் சர்க்குலர் வீதியில் வாகனங்கள் நகரவில்லை. மாலை வெயில் பின்கண்ணாடியில் விழுந்தது. தொடங்குவதற்கு நல்ல வசனம் ஒன்றைத் தேடினேன். பிறகு நல்ல வசனங்கள் செய்த வேலையை நினைத்து அந்தத் தேடலை விட்டேன்.

"உம்மிலை பிழையில்லை," என்றேன். "நான் வீடியோவிலை உம்மடை முகத்தை மட்டும் பாத்திட்டு எழுதிப்போட்டன்."



"வீடியோ எண்டு நீங்கள் சொன்ன அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது, அண்ணை," என்றார். "அந்த வீடியோக்காரரிட்டை நான்தான் கேட்டனான், என்னைக் கொஞ்சம் கிட்டவா எடுங்கோ எண்டு. அம்மாவுக்கு அனுப்ப. பாதை திறந்தாப்பிறகு ஊருக்குப் போன ஒருத்தர் கொண்டுபோய்க் குடுத்தவர். அம்மா என்னைப் பாத்து எத்தினை வருசம்."

அதை ஏன் கூட்டத்தில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்பிடி அண்ணை சொல்லுறது," என்றார். "அம்மாவுக்குக் காட்ட என்ரை முகத்தை எடுப்பிச்சனான் எண்டு, அவ்வளவு பேருக்கு முன்னாலை."

போன தடவை அவ்வளவு கிட்டவாக எடுத்தும் ஓட்டம் அதிகம், முகம் போதாது என்று அம்மாவுக்குக் குறை. அதனால் இந்த வருடமும் கேட்டு வைத்திருந்தார். வாங்கில் இருத்தப்பட்ட பிறகு வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டாராம். வீடியோக்காரர் பாவம், சொன்னபடி எடுத்துக்கொண்டிருந்தார் என்றார். முன்னால் நின்ற வாகனம் நகர்ந்தது. நான் நகரவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

திருத்திய அறிக்கை மூன்று பக்கம். படம் இல்லை. முதல் வரியிலேயே, முந்தியது வீட்டில் இருந்து எழுதியது என்று சொல்லியிருந்தேன். பொறுப்பாளர் வாசித்துவிட்டு, இது முந்தியதைவிட நல்லாயிருக்கு என்றார். ஆனால் ஏற்றுக்கொண்ட ஓர் அறிக்கையைத் திருத்துவதென்றால் அடுத்த பொதுக்கூட்டத்தில்தான் ஏலும், அது பங்குனியில். ஐப்பசி அதற்கு முன்பே வந்தது. பழைய சென்டருக்கு நாற்பதாகியது.

தைப்பொங்கலன்று மனோர் பார்க் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். கதைக்க எனக்கு வேறு ஒன்றும் வரவில்லை. இந்த முறை வீடியோ ஊருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டேன். சேர்ந்ததாம். வாங்கில் இருந்த மகனை அம்மா இரண்டு தரம் போட்டுப் பார்த்தாவாம், பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினாவாம். என்ன சொன்னவ என்று, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"சந்தோசப்பட்டவ, அண்ணை. போன முறை பந்தை வைச்சுக்கொண்டு நிண்டிட்டாய், மற்றப் பிள்ளையளுக்குக் குடுக்கேல்லை, இந்த முறை அந்தப் பிழை ஒண்டும் காணேல்லை எண்டு சொன்னவ."

அவர் தட்டில் சாம்பார் ஊற்றினார்கள். நகரப் போனவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"உங்கடை பதினாலு பக்கமும் அதுதானே?"